ஊராட்சியும் பள்ளியும் சேர்ந்து வேலை செய்ய: எதை, யாரிடம், எந்த மாதத்தில் கேட்பது?

கேள்வி: “எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறது. கூட்டம் நடக்கிறது, தீர்மானமும் எழுதுகிறோம். ஆனால் கழிப்பறை முதல் சுற்றுச்சுவர் வரை எதுவும் நகரவில்லை. ஊராட்சியோடு சேர்ந்து செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை.”

தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்தே பதில் சொல்கிறேன். இப்படித் தேங்கிப்போகும் கோரிக்கைகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் இருக்கும். மனு அந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத அலுவலகத்துக்குப் போயிருக்கும். இல்லையென்றால் சரியான அலுவலகத்துக்கே, நிதியெல்லாம் ஒதுக்கி முடித்த பிறகு போயிருக்கும். யாருக்கும் அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் சரிபார்த்துவிட வேண்டும்.

முதலில் பள்ளியில் எது யார் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் இடமும் கட்டடமும் ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. 1958 ஊராட்சிச் சட்டத்தின்படி ஒன்றியங்கள் உருவானபோது அந்தப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. ஆசிரியர்களும் அப்போது ஒன்றியத்தின் கீழேதான் இருந்தார்கள். 1981 ஜூனில் அவர்கள் அரசு ஊழியர்களானார்கள். கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையிடம், ஆசிரியர் கல்வித் துறையிடம் என்ற இரட்டை நிலை அன்று தொடங்கியதுதான். ஆகவே ஒழுகும் கூரைக்கு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்க்க வேண்டும். காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலரைப் பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாய், பள்ளி வாசல் தெருவிளக்கு, குப்பை அள்ளுவது, பள்ளிக்குப் போகும் பாதை ஆகியவை கிராம ஊராட்சியின் வேலை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கட்டடம் என்றால் பொதுப்பணித் துறை. வளாகத்தின் மேல் மின்கம்பி தாழத் தொங்கினால் மின்வாரியப் பிரிவு அலுவலகம். தலைமையாசிரியர் எல்லாவற்றையும் வட்டாரக் கல்வி அலுவலருக்கே எழுதிக்கொண்டிருந்தால், அந்த அலுவலகம் மேற்குறிப்பு போட்டு அனுப்புவதிலேயே மாதங்கள் கழியும்.

பழுதான கட்டடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுவதும் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள். வழிமுறை இப்படிப் போகும்: விரிசல், பெயர்ந்த காரை, வெளியே தெரியும் கம்பி இவற்றைப் படம் எடுத்துத் தலைமையாசிரியர் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுத வேண்டும். ஒன்றியப் பொறியாளர் பார்த்து, பயன்படுத்தத் தகுதியற்றது என்று சான்று தர வேண்டும். பிறகு இடிப்பதற்கான ஆணை, கழிவுப் பொருள் ஏலம், அதன் பிறகே புதுக் கட்டடத்துக்கு மதிப்பீடு. நடைமுறையில் சான்று வந்த பிறகுதான் வேலை நிற்கிறது. இடித்துவிட்டால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல், தகுதியற்ற கட்டடத்திலேயே வகுப்பு தொடரும். இங்கேதான் ஊராட்சி கைகொடுக்க முடியும். கிராம சேவை மையமோ சமுதாயக் கூடமோ இருந்தால் எழுத்து மூலம் தற்காலிகமாகத் தரலாம். இடிக்கும்வரை சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளி, சுற்றிலும் வேலி கட்ட வேண்டும். கயிறு கட்டினால் போதாது, பிள்ளைகள் பந்தெடுக்க உள்ளே நுழைவார்கள்.

அடுத்தது மாதக் கணக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய மாதிரி விதிகள், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பாக, அதாவது டிசம்பர் கடைசிக்குள் முடிக்கச் சொல்கின்றன. ஆனால் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான பேச்சு அக்டோபர் 2 கிராம சபையிலேயே தொடங்கிவிடுகிறது. டிசம்பரில் பள்ளியின் திட்டம் தயாராகும்போது ஊராட்சியின் பணிப் பட்டியல் ஏறக்குறைய முடிந்திருக்கும். எனவே காலக்கெடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். ஜூலையில் பள்ளியைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதுங்கள். ஆகஸ்டில் முன்னுரிமை வையுங்கள். செப்டம்பர் முதல் பாதியில் ஒன்றியப் பொறியாளரையோ பணி மேற்பார்வையாளரையோ வரவழைத்து மதிப்பீடு வாங்குங்கள். அக்டோபர் 2 அன்று கிராம சபையில் வையுங்கள். பருவத் தேர்வும் விடுமுறையும் செப்டம்பர் கடைசியில் குறுக்கே வரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் குறைவெண், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வந்திருக்க வேண்டிய எண்ணிக்கை. பள்ளிக் கோரிக்கை வரும் நாளில் பெற்றோர்கள் போய் உட்கார்ந்தாலே குறைவெண்ணில் பெரும்பகுதி நிறைந்துவிடும். தீர்மானம் பேச்சோடு போய்விடக் கூடாது. ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது பக்கத்தில் நின்று, எண் போட்டு எழுதியதைப் பார்த்துவிட்டு, நகலுக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு பள்ளிக் கோரிக்கை போதும். பன்னிரண்டு கோரிக்கைகளை ஒரே தீர்மானத்தில் அடுக்கினால் “பள்ளியின் பல்வேறு தேவைகள்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

தீர்மானத்தை எழுதும் விதத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். “கழிப்பறை வசதி செய்து தரக் கேட்டுத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதினால் எந்தப் பொறியாளராலும் அதை வைத்து மதிப்பீடு போட முடியாது. ஒரு எடுத்துக்காட்டு. பள்ளியில் மாணவியர் 48, மாணவர் 44 என்று வைத்துக்கொள்வோம். தூய்மைப் பள்ளி வழிகாட்டுதல்படி 40 பேருக்கு ஓர் அலகு வேண்டும். ஓர் அலகு என்றால் ஒரு கழிப்பிடமும் மூன்று சிறுநீர்ப் பிறையும். மாணவியருக்கு இரண்டு, மாணவருக்கு இரண்டு அலகு தேவை. இருப்பது என்ன, அதில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிவுநீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பல பள்ளிகளில் புதுக் கட்டடம் தேவையே இல்லை. இருக்கும் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் வந்தால் போதும்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுவிடுங்கள். பகல்நேரப் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் அளவு. 92 பேருக்கு நாளுக்கு 4,140 லிட்டர். பள்ளியில் இருப்பது 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்று. ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து விடியற்காலையில் ஒரு தடவை தண்ணீர் விடுகிறார்கள் என்றால், பள்ளி திறக்கும்போது குழாய் காய்ந்திருக்கும், நிரப்ப யாரும் இருந்திருக்க மாட்டார்கள். முற்பகல் இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் போகும்போதே தொட்டி காலி. மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவத் தண்ணீர் இருக்காது. ஆகவே கேட்க வேண்டியது 2,000 லிட்டர் தொட்டி இரண்டு, பூட்டிய பள்ளியிலும் தானாக நிரம்பி நிற்க மிதவை வால்வு, பிரதான குழாயிலிருந்து இத்தனை மீட்டர் இணைப்பு, சிறு பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இத்தனை குழாய்கள். இப்படி எழுதிய தீர்மானம் கையில் கிடைத்தால் மேற்பார்வையாளர் அன்றைக்கே அளவெடுத்துவிட முடியும். சுத்தம் செய்வது யார், அவருக்குச் சம்பளம் எந்த நிதியிலிருந்து, பினாயிலும் துடைப்பமும் யார் வாங்குவது என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். கட்டி முடித்து ஓராண்டில் பூட்டப்படும் கழிப்பறைகள் பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதாமல் கட்டியவை.

பணம் எங்கிருந்து? 15ஆவது நிதிக் குழுவின் 2021-26 மானியத்தில் ஊராட்சிகளுக்கு வந்ததில் 60 சதவீதம் குறிப்பிட்ட வேலைகளுக்குக் கட்டுண்ட நிதி: பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. பள்ளிக் கழிப்பறையும் குடிநீர் இணைப்பும் இந்தத் தலைப்புகளுக்குள் வருபவை. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் “பள்ளிக்கு எங்களிடம் நிதி இல்லை” என்ற பதிலைத் தாண்ட முடியும். எந்த ஆண்டாக இருந்தாலும் இந்த ஆண்டு ஊராட்சிக்கு வந்த மானியத்தில் குடிநீர், சுகாதாரத் தலைப்பில் எவ்வளவு என்று செயலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். சுவர், வகுப்பறை போன்ற பெரிய வேலைகளுக்கு மாநிலத் திட்டங்கள்தான் வழி. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அதில் ஒன்று. ஊர்மக்கள் ஒரு பங்கு கட்டினால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டம் இன்னொன்று. வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் உதவ முன்வந்தால், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக வரவு வைப்பது நல்லது. ரொக்கமாக யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் தனி. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம் என்பது அளவுகோல். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவிட வேண்டும். இதைக் கொண்டு சுவர் கட்டப் பார்க்காதீர்கள், சாக்பீஸ், மின்விசிறிப் பழுது, குழாய், விளக்கு என்றே ஓடிவிடும். செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமை பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ரசீதுகளை மாதக் கூட்டத்தில் மேசையில் விரித்து வைக்கும் வழக்கம் உள்ள பள்ளிகளில் சந்தேகப் பேச்சு எழுவதில்லை.

அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள் என்பது சட்டம். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேராகவும், 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராகவும் அமைத்தார்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. கூலி வேலைக்குப் போகும் தாய்மார்களைக் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், பிறகு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் குறிப்பேட்டை நிரப்ப வேண்டிவரும். நாள்கூலியை விட்டுவிட்டு வரச் சொல்வது நியாயமும் இல்லை. பள்ளி விடும் நேரத்துக்குக் கூட்டம் வைத்து, ஒரு மணி நேரத்தில் முடித்து, போன கூட்டத்துத் தீர்மானம் எந்த அலுவலகத்தில், யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் வாசித்துவிட்டுப் புதியதைப் பேசுங்கள்.

இதுவரை சொன்னது கட்டடமும் பணமும். ஊராட்சியால் பள்ளிக்குச் செய்ய முடிந்த இன்னும் பெரிய உதவி ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளின் பதிவேட்டையும் வைத்திருக்கும் கடமையை உள்ளாட்சி அமைப்பிடம் தருகிறது. சேர்க்கை, வருகை, படிப்பை முடிப்பது மூன்றையும் கவனிக்கும் கடமையும் அதனுடையதே. புலம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் அதே பிரிவில் வருகிறது. பள்ளிக்கு வந்த பிள்ளைகளை மட்டுமே பள்ளிக்குத் தெரியும். வராத பிள்ளையைத் தெரிந்தவர்கள் ஊரில் இருப்பவர்கள்.

செய்முறை எளிது. மார்ச்சில் சேர்க்கை தொடங்கும்போது அங்கன்வாடிப் பதிவேட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். கிராம சுகாதார செவிலியரின் பதிவோடு ஒத்துப் பாருங்கள். பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவு) பட்டியலைத் தெருவாரியாகப் பிரியுங்கள். விடுபட்ட பெயர்களை அந்தந்த வார்டு உறுப்பினரிடம் கொடுத்து, பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஒரு வாரத்தில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தனியார் பள்ளி, வெளியூர், வீட்டில், வேலையில் என்று நாலு வகை போதும். கடைசி இரண்டு வகைதான் குழுவின் வேலை.

செங்கல் சூளை, கோழிப்பண்ணை, கட்டட வேலை நடக்கும் ஊர்களில் இந்தக் கணக்கெடுப்பை வருடத்துக்கு ஒரு தடவை எடுத்தால் பயனில்லை. சூளைக் குடும்பங்கள் பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போவார்கள். சூளை தொடங்கிய வாரமே போய்ப் பெயர் எழுத வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை, ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. கரும்பு வெட்டப் பெற்றோர் வெளியூர் போகும் ஊர்களில் பிரச்சினை எதிர்ப்பக்கம். பிள்ளையையும் கூட்டிப் போய்விடுவார்கள். பாட்டி தாத்தாவிடம் விட்டுப் போனால் அந்த வீட்டை யார் பார்த்துக்கொள்வது, அருகில் விடுதியில் இடம் கிடைக்குமா என்று கிளம்புவதற்கு முன் பேச வேண்டும்.

இடைநிற்றல் அதிகம் நடக்கும் இடம் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவே. ஊர்ப் பள்ளி முடிந்துவிடும், உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருக்கும், பேருந்து நேரம் ஒத்துவராது. ஏப்ரலிலேயே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஊராட்சித் தீர்மானம் போனால், ஜூனில் நேரம் மாற வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் நின்றுபோன பிறகு ஆகஸ்டில் கேட்டால் “பயணிகள் இல்லை” என்பார்கள். ஜூன் கடைசியில் அந்தப் பட்டியலை மறுபடி எடுத்து, ஒவ்வொரு பெயரும் எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

காலை உணவு விஷயத்தில் பள்ளியும் ஊரும் தினமும் சந்திக்கின்றன. பள்ளியில் சோறு போடுவதைத் தொடங்கியதே உள்ளாட்சிதான். 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவழித்து மதிய உணவு தரத் தீர்மானித்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு அரிசி, ரவை, சேமியா போன்றவற்றில் ஒன்று 50 கிராமும் சாம்பாருக்குப் பருப்பு 15 கிராமும் அளவு. ஊர்களில் சமைப்பது சுயஉதவிக் குழுப் பெண்கள். சிக்கல் வருவது அளவில்தான்: நேற்று வந்த எண்ணிக்கையைச் சமைப்பவரிடம் சொல்லாவிட்டால் ஒரு நாள் மிஞ்சும், ஒரு நாள் பற்றாது. முந்தின நாள் மாலையே எண்ணிக்கையைச் சொல்லும் பொறுப்பை ஓர் ஆசிரியரிடம் கொடுங்கள். பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்று பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த செய்திகள் 2023இல் வந்தன. அப்படி ஒரு முணுமுணுப்பு ஊரில் கேட்ட மறுநாளே ஊராட்சித் தலைவரும் குழு உறுப்பினர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சமையலரை மாற்றிச் சமாதானம் செய்வது அநீதிக்குத் துணைபோவது, சட்டப்படியும் தப்பு.

கற்றல் பற்றி ஊராட்சி எவ்வளவு பேசலாம்? வகுப்பறைக்குள் நுழைந்து எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று தலைவரோ கவுன்சிலரோ சொல்வது எல்லை மீறல். அப்படி ஒரு தடவை நடந்தால் ஆசிரியர்கள் அதன் பிறகு ஊராட்சியை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று குழு கவனிக்கலாம், குறை இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். ஊராட்சியால் தர முடிந்தது பிள்ளைகள் படிக்க இடமும் வெளிச்சமும். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பல ஊர்களில் அது பூட்டிக் கிடக்கிறது. சாவியை வாங்கி, விளக்கைச் சரிசெய்து, மாலை ஐந்து முதல் ஏழு வரை திறந்து வைக்க ஒரு தன்னார்வலரைப் போட்டால், வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கு உட்கார ஓர் இடம் கிடைக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிப்பதை எழுத்தறியாத தாய்கூடக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும், எங்கே திணறுகிறது என்பது காதுக்கே தெரியும். மாதக் கூட்டத்தில் நாலு பிள்ளைகளை ஒரு பத்தி வாசிக்கச் சொல்வதை வழக்கமாக்குங்கள். மதிப்பெண் பட்டியலை விட அது பெற்றோரை அதிகம் பேசவைக்கும்.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கச் சட்டம் தடை விதிக்கிறது. அதைக் கண்காணிக்க ஊராட்சி காவல் நிலையத்துக்கு எழுதினால் போதும்.

தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்தில் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்போதும் கிராம சபை உண்டு, செயலர் உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. வார்டு உறுப்பினர் செய்யும் வேலையைத் தெருவுக்கு ஒரு பெற்றோர் என்று குழுவே பிரித்துக்கொள்ள வேண்டிவரும். தனி அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்ப்பவர் என்பதால், அவருக்கு நேரில் போவதை விட மதிப்பீடு இணைத்த தீர்மான நகலை அனுப்பி ஒப்புகை வாங்குவதே பலன் தரும்.

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளையின் கல்வி உரிமை சம்பந்தமான குறையை யாரும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும், சொன்னது ஏற்க முடியாததாக இருந்தாலும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அந்த மூன்று மாதம் புகார் பெற்ற தேதியிலிருந்து எண்ணப்படும். ஆகவே மனுவின் இரண்டாம் பிரதியில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் அலுவலகத்தைவிட்டுக் கிளம்பாதீர்கள்.